மத்தியானப் பாடம்

என் அண்ணி பாடம் நடத்தும்போது வேண்டுமென்றே ஒரு தப்பு சொல்வார். தினமும் ஒன்று, அதற்கு மேல் கிடையாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் சாக்பீஸோடு நின்று, கொஞ்சம்கூடச் சிரிக்காமல், பனிக்கட்டி தண்ணீரில் மூழ்கும் என்பார். யாராவது "தப்பு டீச்சர்" என்று எழுந்தால் உடனே ஒத்துக்கொள்ளவும் மாட்டார். "டீச்சருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்று அதட்டுவார், மேஜையைத் தட்டுவார். பிள்ளை காரணத்தைச் சொல்லி மடக்க வேண்டும். மடக்கினால்தான் சிரிப்பார், வகுப்பே கைதட்டும். 'இன்னைக்குத் தப்பு' என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். அதைப் பிடிப்பதற்காகவே பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வேன் டிரைவர். அண்ணிதான் சிபாரிசு பண்ணி உள்ளே நுழைத்தார். படிப்பு எனக்கு ஏறாது, அது எங்கள் தெருவே அறிந்த விஷயம். லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாவது தடவைக்கு அண்ணி என் புத்தகத்தைப் பிடுங்கி அலமாரி மேல் போட்டுவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கேள்வி, கை கழுவினால் கேள்வி.

"புத்தகத்தைப் பாத்துட்டுச் சொல்றேனே அண்ணி."

"அதுல இருக்கறது அதுக்குத் தெரியும் தம்பி. உன் தலையில இருக்கறதை எடு."

"அங்க ஒண்ணும் இல்லையே."

"தேடு. தேடித் தேடிக் கஷ்டப்பட்டாத்தான் உள்ள ஒட்டும்."

நேற்றுக் கேட்டதை இன்றைக்குக் கேட்பார். பிறகு ஒரு வாரம் விட்டுவிட்டு, இனிமேல் கேட்க மாட்டார் என்று நான் நிம்மதியாக இருக்கும்போது கேட்பார். கடுப்பில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறேன். ஆனால் தேறிவிட்டேன். சாலையில் இருக்கிற எந்தக் குறியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட இன்றைக்கும் சொல்வேன்.

வகுப்பிலும் இதே பாடுதான். காலையில் வந்ததும் புத்தகமும் நோட்டும் பைக்குள் போய்விட வேண்டும். நேற்று என்ன படித்தோம், போன வாரம் என்ன, போன மாதம் என்ன என்று வெறும் தாளில் நினைவிலிருந்து எழுத வேண்டும். மார்க் கிடையாது, திட்டும் கிடையாது. எழுதியதைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு, அதற்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு, விளக்க வேண்டும். கேள்வி கேட்டவுடன் யாரும் கை தூக்கக் கூடாது. எல்லாரும் யோசித்து முடிக்கிறவரை அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பார். அந்த மௌனம் தலைமையாசிரியருக்கு ஆகாது. "டீச்சர், பாடம் நடக்குதா, இல்ல மறந்துபோச்சா?" என்று வாசலில் நின்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அந்த அறையில் பிள்ளைகளுக்குக் கெடுதல் நடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது இந்தக் கேள்விகள்தான். பெற்றவர்களுக்குத் தெரியவில்லை. தலைவலி என்று போன ஒரு பிள்ளையை டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அண்ணிக்கு மட்டும் தெரிந்தது.

பள்ளிக்கூடம் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. மேல்மாடியில் பள்ளி, கீழே லாண்டரி. ஆஸ்பத்திரிகள், விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக அங்கேதான் வரும். காலையில் ஊறவைப்பார்கள், நண்பகலுக்கு மேல் பாய்லரைப் பற்றவைப்பார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த சமயத்தில் லாண்டரிக்காரர் பழைய பாய்லரைத் தூக்கிவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டிருந்தார். அதன் புகைக்குழாய் ஆறாம் வகுப்பின் சுவருக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து வழியாக மேலே போனது. மத்தியானத்தில் அந்தச் சுவரில் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்துக்கு நல்லதுதானே என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

அந்தச் சுவரை ஒட்டின முதல் பெஞ்சில் உட்காருகிறவளுக்கு வக்கீல் என்று பெயர். நான்தான் வைத்தேன். வேனில் முன்சீட்டு அவளுடையது. "இந்தத் தெருவுல திரும்பினா சீக்கிரம் போகலாம், நீங்க ஏன் சுத்திப் போறீங்க?" என்று ஆரம்பித்தாள் என்றால், அவள் வீடு வருகிறவரை எனக்கு விசாரணைதான். இன்னைக்குத் தப்பைப் பத்து நாளில் எட்டு நாள் அவள்தான் பிடிப்பாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் பிடிக்கலாம் என்று சண்டை போட்டு வாங்கிய இடம் அது.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் அண்ணி வீட்டில் பேசாமல் யோசிக்க ஆரம்பித்தார். என்ன என்று அண்ணன் கேட்டதற்கு, "பின்னம் சரியா நடத்தலை போலிருக்கு. பசங்களுக்கு நிக்கவே இல்லை" என்றார். மத்தியானத்தில் பின்னம் நடத்துவார், மறுநாள் காலையில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காலையில் நடத்திய சரித்திரத்தை மட்டும் கடகடவென்று எழுதிவிடும். மறுபடியும் நடத்தினார், வேறு மாதிரி நடத்தினார், காகிதத்தை மடித்துக் காட்டினார். எல்லாம் போன இடம் தெரியவில்லை.

அண்ணி சும்மா உட்கார்ந்து புலம்புகிற ஆள் இல்லை. பாடவேளையை மாற்றிப்போட்டார். கணக்கு காலைக்கு வந்தது, சரித்திரம் மத்தியானத்துக்குப் போனது. பின்னம் சரியானது. சரித்திரம் காணாமல் போனது.

"அப்போ பின்னத்து மேல தப்பில்லை. மத்தியானத்து மேலதான் தப்பு" என்றார் என்னிடம். "சரி, மத்தியானம்னா என்ன? வயிறா, வெயிலா, ரூமா?"

"என்னைக் கேட்டா அண்ணி? மத்தியானம் நான் வேன்லயே குறட்டை விடுவேன்."

"நீ எப்பவும்தான் விடுவே."

சிரித்தாலும் கண்ணில் சிரிப்பு இல்லை. நான் கவனித்ததையும் அப்போதுதான் சொன்னேன். சாயங்காலம் வேனில் ஏறும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் ஒரு தினுசாக வரும். தலையைப் பிடித்துக்கொண்டு வரும், ஒன்றிரண்டு வாந்தி எடுக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு நாலு தெரு தாண்டினால் வழக்கம்போல வேனைப் பிய்த்து எறியும். பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷம் என்று நான் விட்டுவிட்டேன். அண்ணி அதைக் கேட்டதும் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, திரும்பத் திரும்ப அதையே சொல்லச் சொன்னார்.

மறுநாளிலிருந்து மத்தியான வகுப்பை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்து, பாடத்தைத் தரையில் சாக்பீஸால் எழுதி நடத்தினார். மறுநாள் காலையில் எல்லாருக்கும் எல்லாம் நினைவிருந்தது. மாடியில் அண்ணி எழுதிய தப்பை, அவர் சாக்பீஸைக் கீழே வைக்கும் முன்பே வக்கீல் பிடித்தாளாம். அன்று வீட்டுக்கு வந்த அண்ணி சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோயிருந்தார்.

தலைமையாசிரியரிடம் அவர் பேசியபோது வேன் சாவியைக் கொடுக்கப் போய் நானும் அங்கே நின்றேன்.

"சார், மத்தியானத்துல அந்த ரூம்ல நடத்தறது எதுவுமே பசங்களுக்கு நிக்கலை. மாடியில நடத்தினா நிக்குது. அதே பசங்க, அதே பாடம்."

"சாப்பிட்டா தூக்கம் வரும் டீச்சர். எனக்கே வருது."

"மாடியிலயும் சாப்பிட்டுட்டுதானே சார் உக்காந்தாங்க?"

"மொட்டை மாடின்னா பசங்களுக்கு ஜாலி. யாரோட அப்பாவோ போன் பண்ணி, பிள்ளைங்களை வெயில்ல காய வெக்கறீங்களான்னு கேக்கறார். இனிமே அதெல்லாம் வேண்டாம்."

"அந்த ரூம்ல என்னமோ இருக்கு சார். வேற ரூம் குடுங்க."

"என்ன இருக்கு? பேயா? மந்திரவாதியைக் கூட்டிட்டு வரட்டுமா?"

அலுவலக அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்துபோன பிறகு அறை மாற்றுவதைப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் முடித்துவிட்டார்.

அண்ணி லாண்டரிக்கும் போய் விசாரித்தார். லாண்டரிக்காரர் நல்ல மனுஷர். இருக்கிற சோப்பு, நீலம், கறை எடுக்கிற திரவம் எல்லாவற்றையும் மூடி திறந்து காட்டினார். அண்ணி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு மேலே வகுப்புக்குப் போய்ச் சுவரோரம் முகர்ந்து பார்ப்பார், மறுபடியும் கீழே வருவார். ஒரு வாடையும் இல்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே தேடினார். சுவரில் பாய்லரின் சூடு கைக்குத் தெரிந்தது, ஆனால் அந்தச் சூட்டோடு வேறு என்ன வருகிறது என்று யோசிக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் அவருக்கே மறதி தொடங்கியிருந்தது. ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை உப்பு. நான் சும்மா இருப்பேனா, "என்ன அண்ணி, இன்னைக்குத் தப்பு உப்பா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வேணும்னு போடலை தம்பி. போட்டதே ஞாபகம் இல்லை." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "லீவு நாள்ல நல்லா இருக்கேன். கவனிச்சியா? எனக்கே இப்படின்னா அந்தக் குழந்தைங்க தலைக்குள்ள என்ன ஆகுதோ."

எங்கள் வீட்டில் யாரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. உப்பு மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

மாடி இல்லையென்றான பிறகு அவர் செய்ய முடிந்தது ஒன்றுதான், ஜன்னல்களையும் கதவையும் விரியத் திறந்து வைத்தார். கொஞ்சம் தேறியது. மத்தியானப் பாடத்தில் பாதியாவது மறுநாள் காலை மிஞ்சியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அடித்த தண்ணீர் தரையில் தேங்கி, கீழே இறங்கி, துவைத்து அடுக்கிய விரிப்புகள்மேல் சொட்டியது. லாண்டரிக்காரர் வந்து முறையிட்டார். அவர் சரக்கு நாசமானால் அவரும்தான் என்ன செய்வார்? தலைமையாசிரியர் தச்சரைக் கூட்டிவந்து ஜன்னல்களின் மேல் பலகை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். நான் கீழே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆணி அடிக்கிற சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அண்ணி பள்ளி வாசலில் வந்து நின்றுகொண்டு, அது முடிகிறவரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மத்தியானம் அந்த ரூம்ல நடத்த மாட்டேன்" என்றார் அன்று வீட்டில். "வராந்தாவுல உக்கார வெச்சுக்கறேன்."

"வேலை போயிடும்" என்றான் அண்ணன்.

"போகட்டும்."

அண்ணி 'போகட்டும்' என்றால் போகட்டும்தான். அது அண்ணனுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும்.

மறுநாள் மழை இடைவிடாமல் கொட்டியது. வராந்தா முழுக்கத் தண்ணீர். பிள்ளைகள் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் ஓடிவந்து எல்லாரையும் அறைக்குள் விரட்டினார். அண்ணி கதவில் கையை வைத்துக்கொண்டு மறித்திருக்கிறார். "குழந்தைங்களுக்குக் காய்ச்சல் வந்தா நீங்க பதில் சொல்றீங்களா?" என்று தலைமையாசிரியர் கேட்டாராம். நனைகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணியால் என்ன சொல்ல முடியும்? உள்ளே போனார். கதவையாவது திறந்து வைத்தார். சாரல் அடிக்கிறது என்று தலைமையாசிரியர் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

அன்று காலையில் லாண்டரியில் இன்னொன்றும் நடந்திருந்தது. புகைக்குழாய் வழியாக மழைத்தண்ணீர் பாய்லருக்குள் இறங்குகிறது என்று, யாரோ மொட்டை மாடிக்கு ஏறி அந்தச் சந்தின் வாயைத் தகரத்தால் மூடி, மேலே கல் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த பாய்லர் வாயு, போக வழியில்லாமல் சுவரின் விரிசல்கள் வழியாக மொத்தமாக அறைக்குள் வந்தது. அதில் இருந்த கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இதெல்லாம் பிற்பாடு ஆய்வு செய்தவர்கள் சொல்லித் தெரிந்தது.

உள்ளே நடந்ததை ஒவ்வொரு பிள்ளையும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் இப்படி வருகிறது.

பாடம் பாதி நடந்ததும் அண்ணி, "இன்னைக்குத் தப்பு எது?" என்று கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. வக்கீல்கூடக் கன்னத்தைப் பெஞ்சில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணி காத்திருந்தார். பிறகு தப்பைத் தானே காட்டலாம் என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினார். தான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார், மறுபடியும் படித்தார். எதைத் தப்பாக எழுதினோம் என்று அவருக்கே தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர் கத்தினார்.

"எல்லாரும் எழுந்து வெளிய போங்க! பையை எடுக்காதீங்க. ஓடுங்க!"

பிள்ளைகள் அசையவில்லை. அப்போதுதான் வக்கீல் தலையைத் தூக்கி, கையைத் தூக்கி, சிரித்தாளாம். "டீச்சர், இதான் இன்னைக்குத் தப்பு! பாட நேரத்துல வெளிய போகக் கூடாது."

வகுப்பு கைதட்டியது. சத்தமே வராத கைதட்டல். அண்ணி மேஜையை அடித்தார், அதட்டினார், கெஞ்சினார். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். தப்பு சொல்கிற நாளில் டீச்சர் இப்படித்தான் செய்வார், காரணம் சொல்லாமல் விடக் கூடாது, ஏமாறக் கூடாது. அப்படித்தானே அவர்களை வளர்த்து வைத்திருந்தார்? இரண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அவருக்கு நிற்கவே தெம்பில்லை. கதவுவரை போய்க் கைப்பிடியை இழுத்தார். காற்றில் ஒரு பக்கக் கதவு திறந்துகொண்டது. அந்தக் கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்துவதை நிறுத்திவிட்டு, தினமும் கேட்கிற குரலில் கேட்டார்.

"யாருக்கெல்லாம் தலை வலிக்குது?"

எல்லாக் கையும் எழுந்தது.

"காலையில வலிச்சுதா?"

இல்லை என்றார்கள்.

"எப்போ வலி போகும்?"

ரொம்ப நேரம் பதில் வரவில்லை. அண்ணியும் அவசரப்படுத்தவில்லை. நானாக இருந்தால் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். யாரோ ஒரு பிள்ளை, "வேன்ல போனா" என்றது.

"மாடியில படிச்சோமே, அப்போ வலிச்சுதா?"

"இல்லை டீச்சர்."

"அப்போ வலி எங்க இருக்கு? நல்லா யோசிங்க. வீட்லயா, வேன்லயா, வயித்துலயா?"

பதில் சொன்னது வக்கீல்தான். எல்லாப் பிள்ளைகளும் இதில் மட்டும் ஒரே மாதிரிச் சொல்கின்றன. "ரூம்ல டீச்சர். தப்பு ரூம்ல இருக்கு. எல்லாரும் எழுந்திரிங்கடி, எழுந்திரிங்கடா!" என்று அவள் கத்தினாள். சொன்னதும் வகுப்பு எழுந்தது. முட்டிக்கொண்டும் விழுந்துகொண்டும் கதவுப் பக்கம் வந்தது. கதவோரம் உட்கார்ந்தபடியே அண்ணி ஒவ்வொருவரையும் முதுகில் தள்ளி வராந்தாவுக்கு அனுப்பினார். கத்தியவள் எழுந்து நின்றாள், அப்படியே பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். அதை அண்ணியைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மழைக்காக வேனை முன்கூட்டியே வாசலில் நிறுத்தியிருந்தேன். பிள்ளைகள் பையில்லாமல் நனைந்துகொண்டு படியில் உருண்டு வருவதைப் பார்த்துத்தான் மேலே ஓடினேன். என் பின்னாலேயே லாண்டரிக்காரரும் ஓடிவந்தார். அண்ணி கதவுக்கு இரண்டு எட்டுத் தள்ளி, குப்புறக் கிடந்தார். உள்ளே திரும்பிப் போய் வக்கீலை அதுவரை இழுத்து வந்திருக்கிறார். வக்கீலின் கை அவர் கழுத்தைச் சுற்றி இருந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டேன், லாண்டரிக்காரர் அண்ணியைத் தூக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு வேனை எந்த வழியில் ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. சுற்றுவழியில் போகவில்லை, அது மட்டும் தெரியும்.

அவளை எழுப்ப முடியவில்லை. மற்ற எல்லாப் பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன.

விசாரணையில் தலைமையாசிரியர், "டீச்சர் ஏதோ சொன்னாங்க, தெளிவா சொல்லலை" என்றார். ஏதோ சொன்னாராம். பாவி, ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் வாயால் சோதித்துப் பார்த்து, இந்த நேரம், இந்த அறை என்று அண்ணி சுட்டிக் காட்டியதற்கு அவர் வைத்த பெயர் 'ஏதோ'. எனக்கு அங்கேயே அவர் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. அண்ணன் என் கையை விடவே இல்லை.

அண்ணி சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தார், பேசினார், வக்கீலுக்காக அழுதார், அவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தோம். சில வாரங்கள் போனதும் ஒரு காலையில் எழுந்து வந்து, "பசங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?" என்று கேட்டார். அந்த வாயு சிலருக்கு இப்படித்தான், முதலில் விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். பழையதெல்லாம் நினைவிருக்கும், புதியது எதுவும் நிற்காது, திரும்பி வந்தாலும் வரலாம் என்றார்.

முதலில் உண்மையைத்தான் சொன்னோம். அவர் அப்போதுதான் கேட்கிறவர்போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் கேட்டார், மறுபடியும் சொன்னோம், மறுபடியும் முதல் தடவையாக அழுதார். சில நாள் கழித்து அண்ணன் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "இனிமே சொல்லாதடா, என்னால பாக்க முடியலை" என்றான். அதன்பிறகு அவர் கேட்டால், "வந்துட்டாங்க அண்ணி" என்பேன். "வக்கீல்?" என்பார். "அவளும்தான்" என்பேன். தினமும் கேட்டு தினமும் சொல்கிற பதில் மனதில் நின்றுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஒரு நாள் இந்தப் பதில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கும். நிற்காவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் வக்கீலின் அம்மா வந்தார். மகள் போனதிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர். முகம் இறுகியிருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. அறையை விட்டு முதலில் வெளியே வந்த பிள்ளை எது, ஏன் என் பிள்ளை கடைசி என்று கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அண்ணியின் நிலைமை பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி கூடத்துக்கு வந்துவிட்டார்.

"வாங்க வாங்க. நீங்க யாரோட அம்மா?"

அந்த அம்மா திகைத்துப்போய் மகளின் பெயரைச் சொன்னார். எங்கள் எல்லாருக்குமே அவள் வக்கீல்தான், அந்தப் பெயர் அண்ணிக்குப் பிடிபடவில்லை. "வக்கீலோட அம்மா, அண்ணி" என்றேன்.

அண்ணி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவ வெளிய வந்துட்டாளா? நான் போய்த் தூக்கினேன், அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியலை. இவங்க சரியாவே சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க, வந்துட்டாளா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணியின் முகத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வந்துட்டா டீச்சர்."

"அப்பாடா" என்று அண்ணி பெருமூச்சு விட்டார். "உக்காருங்க, தண்ணி கொண்டுவரேன்" என்று சமையலறைக்குப் போனார். அந்த அம்மா உட்காரவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். சத்தம் வெளியே வரவில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், அதைக் கவனிக்கவும் இல்லை.

அண்ணி சொம்போடு திரும்பி வந்தார். வாசலோரம் நின்ற பெண்மணியைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்தார்.

"வாங்க வாங்க. நீங்க யாரோட அம்மா?"

"வக்கீலோட அம்மா டீச்சர்" என்று சொல்லி அவர் சொம்பை வாங்கிக்கொண்டார். அண்ணி அடுத்ததைக் கேட்பதற்கு முன்பே, "அவ வந்துட்டா" என்றார்.